தவிட்டிலிருந்து நொதியம் எடுப்பது எப்படி: ஒரு திருகோணமலை ஆசிரியரின் செய்முறை

"சேர், வைக்கோலில இருந்து நொதியம் எடுக்கலாமாம், உண்மையா?" என்று உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் வைக்கோலில் தொடங்காதீர்கள், தவிட்டில் தொடங்குங்கள் என்பதே என் முதல் பதில். தவிட்டில் பங்கசை (பூஞ்சணத்தை) வளர்த்தால், மாப்பொருளை உடைக்கும் நொதியமான அமைலேசு மூன்று நாளில் கைக்கு வரும். அது வேலை செய்கிறதா என்பதை ஒரு சொட்டு அயடீனில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வைக்கோலிலிருந்து, தாவர நாரிலுள்ள செலுலோசை உடைக்கும் செலுலேசு எடுக்க ஒரு வாரமாவது ஆகும், அளக்கவும் கருவி தேவை. முதலில் அமைலேசு, கை பழகிய பிறகு செலுலேசு.

பங்கசுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உணவின்மேல் இழைகளைப் பரப்பி, நொதியத்தை வெளியே விட்டு, அங்கேயே உணவைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். நொதியம் கலத்துக்கு வெளியே வந்துவிடுவதால் நமக்கு வேலை மிச்சம்: கலத்தை உடைக்க வேண்டியதில்லை, நீர் ஊற்றிப் பிழிந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குளுக்கோசு சும்மா கிடைத்தால் பங்கசு நொதியம் செய்ய மினக்கெடாது. மாப்பொருளைக் கண்டால்தான் அமைலேசு சுரக்கும், செலுலோசைக் கண்டால்தான் செலுலேசு சுரக்கும். "நல்லா வளரட்டும்" என்று தவிட்டில் சீனி போடுகிறவர்களுக்கு வெள்ளை வெளேரென்று பூஞ்சணம் கிடைக்கும், நொதியம் கிடைக்காது.

இது புதுக்கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரான ஜோக்கிச்சி தகமினே 1894இல் அங்கே காப்புரிமம் பெற்றது ஏறக்குறைய இதற்குத்தான். கோதுமைத் தவிட்டில் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பங்கசை வளர்த்து, நீரில் நொதியத்தை இறக்கி, அற்ககோலில் வீழ்படிவாக்கினார். சமிபாட்டு மருந்தாக அது நெடுங்காலம் விற்பனையானது. இன்றைய பெருந்தொழிற்சாலைகள் பெரும்பாலும் திரவத் தொட்டிகளில் வளர்க்கின்றன. நம்மிடம் தொட்டியும் இல்லை, அதற்குக் காற்றடிக்கும் இயந்திரமும் இல்லை. ஈரத் தவிட்டில் வளர்க்கும் திண்ம நொதித்தல்தான் நமக்குத் தோது.

தவிடு வாங்குவது

திருகோணமலைக்காரருக்கு இதில் அதிர்ஷ்டம். கோதுமைத் தவிடுதான் இந்த வேலைக்கு உலகமெங்கும் முதல் தெரிவு, பிறிமா மா ஆலையோ நம் துறைமுகக் கரையிலேயே இருக்கிறது. மாட்டுத்தீவனக் கடையில் கோதுமைத் தவிடு கேளுங்கள். அதில் மாப்பொருளும் புரதமும் கனியுப்பும் அளவாக இருக்கும். செதில் செதிலாக இருப்பதால் நனைந்த பிறகும் இடையில் காற்றுப் போகும்.

அரிசித் தவிடு என்றால் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து ஆலைகள். நான் போகும் ஆலையின் நானா, "என்ன சேர், மாடு வளர்க்கத் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாக்கைக் கட்டுவார். அவரிடம் புழுங்கல் நெல் குற்றிய தவிடாகக் கேட்டு வாங்குவேன். பச்சை நெல்லின் தவிட்டில், எண்ணெயை உடைக்கும் லிப்பேசு என்ற நொதியம் உயிரோடு இருப்பதால் அதிலுள்ள எண்ணெய் சில நாளில் காறல் அடித்துவிடும். அவித்த நெல்லில் அந்த லிப்பேசு முன்பே செத்திருக்கும். சின்ன ஆலைகளில் தவிட்டோடு உமித்தூளும் சேர்ந்து வரும், சலித்துவிடுங்கள். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. பங்கசுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. அரிசித் தவிடு நனைந்தால் களியாகிக் காற்றை அடைக்கும். கால் பங்கு சலித்த உமியை வேண்டுமென்றே சேர்த்து இளக்கிக்கொள்வோரும் உண்டு. அது உணவுக்கு அல்ல, இடைவெளிக்கு.

பங்கசு வாங்குவது

பழுதான பாணில் வந்த பச்சைப் பூஞ்சணத்தைச் சுரண்டி எடுத்துத் தொடங்கலாமா என்றால், கூடாது. அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயும் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவசும் நெருங்கிய உறவு, வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். பிளேவசு, கச்சான்கொட்டையிலும் சோளத்திலும் அப்லரொக்சின் விடும் ஆள், ஈரலுக்கு நஞ்சு. ஆகவே வம்சம் தெரிந்த வளர்ப்பைத்தான் எடுக்க வேண்டும். பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் ஒன்றில் கேட்டுப் பாருங்கள், அல்லது கோஜி (ஜப்பானியர் ஒரைசே வளர்த்துச் செய்யும் நொதித்த தானியம்) செய்ய விற்கும் ஒரைசே வித்திப் பொடியை வாங்குங்கள். வித்தி என்பது பங்கசுக்கு விதை மாதிரி.

வளர்ப்பைப் பெருக்க உருளைக்கிழங்கு ஊடகம் போதும்: 200 கிராம் உருளைக்கிழங்கை அவித்து வடித்த நீரில் 20 கிராம் டெக்ஸ்ரோசு, 20 கிராம் ஏகார் சேர்த்து ஒரு லீற்றர் ஆக்குங்கள். நோன்பு காலத்தில் கிண்ணியாவில் கடற்பாசி காய்ச்ச வாங்குவதும் ஏகார்தான், அவசரத்துக்கு அதையும் பாவிக்கலாம். சோதனைக்குழாயில் சரிவாக உறையவிட்டு, வித்தியைத் தீட்டி, ஒரு வாரம் வையுங்கள். மஞ்சட்பச்சைத் தூள் மூடியதும் 0.1 சதவீத ட்வீன் 80 (சவர்க்காரம் போல வேலை செய்யும் பொருள்) கலந்த கிருமியற்ற நீர் 10 மில்லிலீற்றர் ஊற்றிக் குலுக்குங்கள். வித்திகள் எண்ணெய்ப் பசை போல நீரை ஒட்டவிடாது, அதனால்தான் ட்வீன். நுணுக்குக்காட்டியில் வைத்து வித்தி எண்ணும் கண்ணாடி இருந்தால் மில்லிலீற்றருக்கு ஒரு கோடி வித்தி என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் நன்றாக வித்தி பிடித்த ஒரு குழாய் 100 கிராம் தவிட்டுக்குக் காணும்.

நனைப்பதும் அவிப்பதும்

கடைத் தவிட்டில் ஏற்கெனவே பன்னிரண்டு சதவீதம் அளவில் ஈரம் இருக்கும். 100 கிராம் தவிட்டுக்கு 100 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் ஈரம் 56 சதவீதம், பிறகு வித்தி நீர் 10 மில்லிலீற்றர் விட்டால் 58. கோதுமைத் தவிட்டுக்கு இது நல்ல அளவு. கணக்கு எப்படிச் சொன்னாலும் கடைசித் தீர்ப்பு கைக்குத்தான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கையை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், பெருவிரலால் தொட்டால் உதிர வேண்டும். நீர் கசிந்தால் இன்னும் கொஞ்சம் தவிடு போடுங்கள், இல்லாவிட்டால் அது பற்றீரியாவுக்கு வைத்த விருந்து.

நீர் பற்றியும் ஒரு வார்த்தை. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கரையோரக் கிணறுகளில் பல உவர். மழைநீரோ வடிகட்டிய போத்தல் நீரோ எடுங்கள். அதில் லீற்றருக்கு 2 கிராம் பொட்டாசியம் இருஐதரசன் பொஸ்பேற்று, 1.4 கிராம் அமோனியம் சல்பேற்று கரைத்து, பிஎச் 5 அளவில் வைத்தால் நல்லது. இவை இல்லாமலும் கோதுமைத் தவிட்டில் வளரும். நைதரசனுக்கு வயல் யூரியாவைப் போட நினைப்பவர்கள் அதை அவிக்கும் முன் போடக் கூடாது. சூட்டில் யூரியா உடைந்து அமோனியாவாகி, தவிட்டைக் காரமாக்கிவிடும்.

காளான் வளர்ப்போர் பாவிக்கும் பொலிபுரொப்பிலீன் பையும், கழுத்துக்கு பிவிசி வளையமும், பஞ்சு அடைப்பும் இதற்கு அருமையாகப் பொருந்தும். பையில் கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். பஞ்சின்மேல் ஒரு தாள் கட்டி, பிரஷர் குக்கரில் தட்டுக்கு மேலே வைத்து, ஆவி சீராக வரத் தொடங்கியதிலிருந்து 40 நிமிடம் அவியுங்கள். குக்கரில் நீர் வற்றாத அளவுக்கு முதலே விடுங்கள். முழுக்க ஆறிய பிறகே வித்தி. மின்விசிறியை நிறுத்தி, ஸ்பிரிட் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, கிருமிநீக்கிய ஊசிக்குழலால் வித்தி நீரை விட்டு, பஞ்சை மீண்டும் அடைத்து, வெளியே இருந்து பையைப் பிசைந்து கலவுங்கள். பை முறையின் பெரிய வசதி இதுதான், கிளறுவதற்காகத் திறக்க வேண்டியதில்லை.

சூடுதான் எதிரி

வளர்ப்புக்கு 30 பாகை செல்சியஸ் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது அறையின் வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டு, பையை மூலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தவிட்டுக்குள்ளே நடப்பது வேறு. பங்கசு மூச்சுவிடும்போது சூடு வெளிவரும், தவிடோ சூட்டைக் கடத்தாது. அறை 30 இல் இருந்தாலும் தடித்த தவிட்டின் நடு 40ஐத் தாண்டிவிடும். நம் ஊரில் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பகலில் அறையே 34, 35 இல் நிற்கும்போது கேட்கவே வேண்டாம். நடுப்பகுதியில் பங்கசு சோர்ந்துபோகும், அவியலில் தப்பிய பசிலசு பற்றீரியா எழும்பும். அது வந்த அடையாளம் மூக்குக்குத் தெரியும்: அமோனியா நாற்றம், தொட்டால் கொழகொழப்பு. அந்தப் பையைத் திறக்காமல் அப்படியே மறுபடி அவித்துக் கொட்டிவிடுங்கள். காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

ஆகவே பையைப் படுக்கவைத்து, தவிட்டை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்புங்கள். மீன் வாடியில் கிடைக்கும் ரெஜிபோம் பெட்டி நல்ல வளர்ப்பு அறையாகும் (சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் மணம் போகக் காயவைத்து). வெயில் காலத்தில் உறையவைத்த நீர்ப்போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம், மாரியில் சுடுநீர்ப் போத்தல். மூடியை ஒரு விரல் திறந்து வையுங்கள், அதற்கு மூச்சு வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த வெப்பமானியின் முனையைப் பைக்கு அடியில் செருகுங்கள். இந்தச் செய்முறையில் ஒரேயொரு கருவிக்குத்தான் காசு செலவழிக்கலாம் என்றால், அந்த வெப்பமானிக்குச் செலவழியுங்கள்.

முதல் பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பதினாறு, பதினெட்டு மணித்தியாலமளவில் தவிட்டுச் செதில்களின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், வெப்பமானியும் ஏறத் தொடங்கும். 36ஐத் தொட்டதும் பையைப் பிசைந்து கட்டியை உடையுங்கள். ஒரு நாள் முடியும்போது தவிடு முழுவதும் இழையால் தைத்த ஒரே அடையாகிவிடும். அதை மறுபடி உடைத்து, புரட்டி, பரப்புங்கள். இரவில் இதற்காக எழும்ப முடியாதென்றால் மாலை ஐந்து ஆறு மணிக்கு வித்தி விடுங்கள், சூடு ஏறும் நேரம் மறுநாள் காலை பத்துக்கு மேல்தான் வரும். அப்புறம் இரண்டாம் நாள் முடிவில் மஞ்சள் தட்டும், மூன்றாம் நாள் பச்சை. அமைலேசுக்கு 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள், பச்சை முழுவதும் மூடுமுன் அறுவடை செய்வதுதான் நல்லது. பச்சை கூடக் கூட வித்தித் தூசும் கூடும். பையைத் திறக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

இறக்குவதும் சோதிப்பதும்

ஒரு கிராம் தவிட்டுக்கு 10 மில்லிலீற்றர் என்ற கணக்கில் பிஎச் 5 சித்திரேற்றுத் தாங்கற் கரைசலை (பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) ஊற்றி, அரைமணித்தியாலம் விட்டுவிட்டுக் குலுக்குங்கள். மஸ்லின் துணியில் பிழிந்து, பிறகு பஞ்சில் வடித்தால் தேநீர் நிறத்தில் ஒரு கரைசல் வரும். ஐஸில் வையுங்கள். பலர் இத்தோடு "நொதியம் தயார்" என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சோதிக்கும் வரை அது பூஞ்சணம் பிடித்த தவிட்டைக் கழுவிய நீர், அவ்வளவுதான்.

ஒரு சதவீத மாப்பொருள் கரைசல் 5 மில்லிலீற்றரை 50 பாகை நீரில் நிற்கும் சோதனைக்குழாயில் எடுங்கள். வெள்ளை ஓட்டில் அயடீன் சொட்டுகளை வரிசையாக வையுங்கள். குழாயில் 1 மில்லிலீற்றர் நொதியக் கரைசலைச் சேர்த்ததும் மணிக்கூட்டைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் குழாயிலிருந்து ஒரு சொட்டெடுத்து, அடுத்த அயடீன் சொட்டில் விடுங்கள். முதல் சொட்டு மையைப் போல கருநீலம். அடுத்தடுத்து ஊதா, பிறகு செங்கபிலம்: மாப்பொருட் சங்கிலி துண்டாகி டெக்ஸ்ரின் ஆகியிருக்கிறது. கடைசியில் அயடீனின் சொந்த மஞ்சளே மாறாமல் நிற்கும். எத்தனையாவது நிமிடத்தில் நின்றது என்பதுதான் உங்கள் எண். முதற்சொட்டிலேயே மஞ்சளானால் கரைசலைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி செய்யுங்கள். ஒரே நிலைமையில் ஒரு பை பத்து நிமிடமும் இன்னொன்று ஐந்து நிமிடமும் எடுத்தால் இரண்டாவது ஏறக்குறைய இரட்டிப்புப் பலம்.

இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய் இல்லாமல் யாரும் எனக்கு முடிவு காட்டக் கூடாது. ஒன்று, கொதிக்கவைத்த நொதியக் கரைசல்: அது கடைசிவரை நீலமாகவே இருக்க வேண்டும். மற்றது, வித்தி விடாமல் அவித்து அதே பெட்டியில் வைத்த தவிட்டின் பிழிசாறு. தானியத் தவிட்டுக்கே சொந்தமாகக் கொஞ்சம் அமைலேசு உண்டு. அவியல் அதைக் கொன்றதா என்று இந்தக் குழாய்தான் சொல்லும்.

கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் நிறமானி இருந்தால், 1959இல் மில்லர் எழுதிய டிஎன்எஸ் (டைநைத்திரோசலிசிலிக் அமிலம்) முறையில், வெளிவந்த வெல்லத்தை (குளுக்கோசு போன்ற எளிய சீனியை) 540 நனோமீற்றரில் அளக்கலாம். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமூல் வெல்லம் விடுவிப்பது ஓர் அலகு. உதாரணமாக, 20 மடங்கு ஐதாக்கிய கரைசல் 0.5 மில்லிலீற்றர், 10 நிமிடத்தில் 0.9 மில்லிகிராம் குளுக்கோசுக்குச் சமமான வெல்லத்தை விட்டது என்று வையுங்கள். 0.9ஐ 180ஆல் பிரித்தால் 5 மைக்ரோமூல். நிமிடத்துக்கும் மில்லிலீற்றருக்கும் கொண்டுவந்தால் 1 அலகு, ஐதாக்கலால் பெருக்க 20, கிராமுக்கு 10 மில்லிலீற்றர் ஊற்றியதால் தவிடு கிராமுக்கு 200 அலகு.

செறிவாக்க, ஐஸும் கல்லுப்பும் கலந்த வாளியில் கரைசலையும் எதனோலையும் தனித்தனியே குளிரவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு எதனோலை மெல்ல மெல்லக் கலக்கியபடி ஊற்றுங்கள். வெள்ளையாகப் படியும். நெருப்புப் பக்கத்தில் இருக்கக் கூடாது. படிவை வடித்து, கொஞ்சம் தாங்கற் கரைசலில் கரைத்து, 4 பாகையில் வையுங்கள். கருவாடு காயப்போடுவது போல வெயிலில் போட்டால் ஈர நொதியம் கெட்டுவிடும். தூளாக்குவதை நான் பிள்ளைகளுக்கு அனுமதிப்பதில்லை. 1960களின் இறுதியில் சலவைத்தூள் தொழிற்சாலைகளில் நொதியத் தூசைச் சுவாசித்த தொழிலாளருக்கு ஆஸ்துமா வந்தது. அதற்குப் பிறகுதான் நொதியத்தைப் பூச்சுப் போட்ட குறுணியாகச் செய்யத் தொடங்கினார்கள். திரவமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இது உணவிலோ மருந்திலோ தீவனத்திலோ சேர்க்கும் தரமும் அல்ல. கஞ்சி போட்ட பருத்தித் துணியிலிருந்து கஞ்சியை நீக்கிக் காட்டுங்கள், நெசவாலைகள் அமைலேசு வாங்குவது அதற்குத்தான்.

வைக்கோலுக்கு வந்தால்

பெரும்போக அறுவடைக்குப் பிறகு இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் எத்தனையோ வயல்களில் எரிகிறது. அதில் செலுலோசு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது, ஆனால் தண்டுக்கு விறைப்புத் தரும் லிக்னினும் சிலிக்காவும் சுற்றி வேலி போட்டிருக்கின்றன. இரண்டு சென்ரிமீற்றருக்கு நறுக்கி, 2 சதவீத சோடியம் ஐதரொட்சைட்டில் ஒரு நாள் ஊறவைத்து, நீர் தெளியும் வரை கழுவுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதைத் தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடவும் வேண்டாம். கழுவிய வைக்கோலைப் பிழிந்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு கோதுமைத் தவிடு கலந்து, முன்சொன்ன பொஸ்பேற்று, சல்பேற்று கரைத்த நீரால் ஈரத்தைச் சரிப்படுத்துங்கள். மிச்சம் எல்லாம் அதே வழி, அறுவடை மட்டும் ஐந்து முதல் ஏழு நாள்.

பங்கசு ட்ரைக்கோடெர்மா. தொழிற்சாலைகள் பாவிக்கும் ட்ரைக்கோடெர்மா ரீசியின் மூதாதை, இரண்டாம் உலகப்போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை உக்கவைத்த பூஞ்சணம். விவசாயிகளுக்கு விற்கும் ட்ரைக்கோடெர்மாவும் செலுலேசு தரும், குறைவாக. இது 28 பாகையை விரும்பும் ஆள். ஆகவே நான் செலுலேசுப் பைகளை வாடைமழைக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரையில்தான் வைப்பேன், கச்சான் மாதங்களை ஒரைசேக்கு விட்டுவிடுவேன்.

சோதிக்க, ஒரு சென்ரிமீற்றர் அகலம் ஆறு சென்ரிமீற்றர் நீளமுள்ள வட்மன் 1 வடிதாளை, பிஎச் 4.8 கரைசலில் நொதியத்தோடு 50 பாகையில் வையுங்கள். முறையான அளவீட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்து வெல்லத்தை அளக்க வேண்டும். கண்ணுக்குக் காட்டினால் போதும் என்றால் இரவு முழுக்க விட்டுக் காலையில் குலுக்குங்கள், தாள் கூழாக உதிரும். குளுக்கோசு எதிர்பார்த்த அளவு வராவிட்டால் பங்கசைத் திட்டாதீர்கள். ட்ரைக்கோடெர்மா செலுலோசைச் செலோபயோசு (இரண்டு குளுக்கோசு சேர்ந்த துண்டு) வரை நன்றாகவே வெட்டும், அதை இரண்டாகப் பிளக்கும் பீற்றா குளுக்கோசிடேசுதான் அதனிடம் குறைவு. அஸ்பெர்ஜில்லஸ் நைகர் வளர்த்த தவிட்டுச் சாறு கொஞ்சம் சேர்த்தால் அந்தக் குறை தீரும்.

பிழிந்த சக்கையில் இன்னும் கோடிக்கணக்கில் வித்தி இருக்கும். குக்கரில் மறுபடி 40 நிமிடம் அவித்த பிறகே கூட்டெருக் குழியில் போடுங்கள். வைக்கோல் ஊறிய கறுப்புக் கார நீரை வினாகிரி விட்டு பிஎச் 7 அளவுக்குக் கொண்டுவந்து, கிணற்றுக்குத் தூரமாக ஊற்றுங்கள்.